பொங்குமாங்கடல் எதற்கு?

சாரல் பிடித்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு. "ஏ மாப்ள, அருவியில தண்ணி விழுதா?" மதுரையிலோ தூத்துக்குடியிலோ வேனை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்பார்கள். "சும்மா கொட்டுது, கிளம்பி வா" என்று ஒருவர் சொன்னதை நம்பி வந்து, பாறையில் நூலாக வழியும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டா மட்டும் தின்றுவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அதனால் விவரமானவர்கள் நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள்.

இந்த விசாரிப்பைக் கொஞ்சம் சிக்கலாக்கிப் பார்ப்போம். ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள் செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து மூன்று வேன்களில் குற்றாலம் வருகிறார்கள். ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்று இன்னும் முடிவாகவில்லை. எங்கே போனாலும் சரி, எல்லோரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். பிரியாணி அண்டா ஒரு வேனில், எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுகளும் இன்னொரு வேனில். வேனுக்கு ஒரு கைப்பேசி.

செங்கோட்டைக்காரர்தான் அருவிக்குப் பக்கம். அவர் கடையநல்லூர்க்காரரை அழைத்து "ஐந்தருவி" என்கிறார். ஆலங்குளத்துக்காரரை அழைத்து "பழைய குற்றாலம்" என்கிறார். குறும்போ குழப்பமோ, ஆளுக்கொரு பேச்சு. கடையநல்லூர்க்காரர் சந்தேகப்பட்டு ஆலங்குளத்தைக் கேட்கிறார். "என்கிட்ட பழைய குற்றாலம்னுதான் சொன்னாரு" என்று பதில் வருகிறது. இப்போது கடையநல்லூர்க்காரர் என்ன நினைப்பார்? செங்கோட்டைக்காரர் இரண்டு நாக்குக்காரராக இருக்கலாம். அவர் ஒழுங்காகச் சொல்லி, ஆலங்குளத்துக்காரர் மாற்றிச் சொல்வதாகவும் இருக்கலாம். இரண்டு கதைக்கும் கையில் இருக்கும் சாட்சியம் ஒன்றேதான். எவ்வளவு நேரம் பேசினாலும் அவரால் பிரித்தறிய முடியாது.

சங்கரன்கோவிலிலிருந்து நான்காவது வேன் ஒன்று சேர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. செங்கோட்டைக்காரர் எப்படிப் புரட்டினாலும், மற்ற மூவரும் தாங்கள் கேட்டதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு பெரும்பான்மையைப் பார்த்தால் மூவரும் ஒரே முடிவுக்கு வருவார்கள். செங்கோட்டைக்காரர் நல்லவராக இருந்து மற்ற மூவரில் ஒருவர் புரட்டினாலும், மிச்சமிருக்கும் இருவரிடமும் சரியான சொல் இரண்டும் புரட்டு ஒன்றும் இருக்கும். ஒரு புரட்டரைத் தாங்க மூவர் போதாது, நால்வர் வேண்டும். இரண்டு புரட்டரைத் தாங்க ஏழு பேர். மூன்றுக்குப் பத்து. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் மட்டுமே கெட்டவர்களாக இருக்கலாம் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு பிறந்தது விமானத்துக்காக. 1970களில் எரிபொருள் விலை ஏறியபோது, கணினி ஓயாமல் கட்டுப்படுத்தினால்தான் பறக்கக்கூடிய சிக்கன விமானங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒரு கணினி பழுதானாலும் விமானம் விழக்கூடாது. நாசாவின் உதவியுடன் கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் 'சிஃப்ட்' என்ற கணினியைக் கட்டியபோதுதான், மூன்று கணினிகளை வைத்துப் பெரும்பான்மை பார்த்தால் போதாது என்று கண்டுகொண்டார்கள். மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் மூவரும் 1980இல் இதை நிறுவினார்கள். 1982இல் லாம்போர்ட் இதற்கு ஒரு கதை கட்டினார்: ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகள், அவர்களுக்குள் சில துரோகிகள், தாக்குவதா பின்வாங்குவதா என்ற கேள்வி. முதலில் அல்பேனியத் தளபதிகள் என்றுதான் வைக்க நினைத்தாராம். உலகில் அல்பேனியர்களும் வாசிப்பார்களே என்று சக ஊழியர் ஒருவர் நினைவூட்டியதால், ஆட்சேபிக்க ஆளில்லாத பழைய பைசாந்தியப் பேரரசுக்கு மாறினார். அதனால் ஆளுக்கொரு பேச்சு பேசும் கோளாறுக்குப் 'பைசாந்தியப் பிழை' என்று பெயர் நிலைத்தது.

கணினிக்கு எதற்கு இரண்டு நாக்கு என்று தோன்றலாம். அதற்குக் கெட்ட எண்ணமே தேவையில்லை. கணினி 1, 0 என்ற இரண்டு மின்னழுத்தங்களில் பேசுகிறது. பழுதான பாகம் ஒன்று இரண்டுக்கும் நடுவான அழுத்தத்தை அனுப்பினால், அதே கம்பியைக் கேட்கும் ஒரு கருவி அதை 1 என்றும் பக்கத்துக் கருவி 0 என்றும் படிக்கும். பொறியாளர்கள் மெய்யான கருவிகளிலேயே கண்ட கோளாறு இது.

பேரேடு ஒன்று, கணக்குப்பிள்ளைகள் பலர்

விமானத்துக்குள் இருந்த இந்தக் கேள்வியை ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தது பிளாக்செயின். தமிழில் தொகுதிச் சங்கிலி என்கிறோம். வங்கியில் பேரேடு ஒன்று, அதற்கு வங்கியே பொறுப்பு. பிளாக்செயினில் அதே பேரேட்டின் படி நூறு கணினிகளில் இருக்கும்; தனி முதலாளி கிடையாது. ஒருவர் தன் நூறு ரூபாயை முத்துவுக்கும் கொடுத்து, அதே நூறை மாரிக்கும் கொடுத்தால், எது முதலில் வந்தது என்று நூறு கணினிகளும் ஒரே பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று உடன்படுவதைக் 'கருத்தொற்றுமை' என்போம். உடன்படுத்தும் விதிமுறையே நெறிமுறை.

பிட்காயின் இதை வேறு வழியில் தீர்த்தது. அங்கே வாக்கெடுப்பு இல்லை. கணக்குப் போடும் பந்தயம். பக்கங்கள் அடுக்கடுக்காகச் சேரச் சேர மாற்றுவது கடினமாகும். ஆறு பக்கம் சேரட்டும் என்று சுமார் ஒரு மணி நேரம் காத்திருப்பது வழக்கமாயிற்று. டீக்கடையில் பணம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் நிற்க யாரும் தயாரில்லை. வேகம் வேண்டும் என்றவர்கள் லாம்போர்ட்டின் தளபதிகளிடம் திரும்பி வந்தார்கள்.

முரண்படாமையும் முடங்காமையும்

திரும்பி வந்தவர்களை ஒரு சங்கடம் வாசலிலேயே எதிர்கொண்டது. செண்பகாதேவி அருவிக்குக் காட்டு வழியில் ஏறுகிறவரை அழைத்துப் பாருங்கள். மணி அடிக்காது. அவர் கைப்பேசியை அணைத்துவிட்டாரா, சிக்னல் இல்லையா, பார்த்தும் எடுக்கவில்லையா? இந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்கு மூன்றும் ஒன்றே. இணையத்தில் இருக்கும் கணினிகளுக்கும் இதே கதி. தாமதமானவரையும் செத்தவரையும் வேறுபடுத்த வழியில்லை.

1985இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் இதை ஒரு தேற்றமாகவே நிறுவினார்கள். செய்தி எவ்வளவு தாமதமாகவும் வரலாம் என்றால், ஒரே ஒரு கணினி படுத்துவிடக்கூடும் என்ற நிலையிலேயே, கட்டாயம் முடிவுக்கு வந்துவிடும் என்று உத்தரவாதம் தரும் நெறிமுறை எதுவும் இருக்க முடியாது. நிறுவலின் சாரம் எளிது. இழுபறியில் இருக்கும் பேச்சு ஏதோ ஒரு செய்தியில்தான் ஒரு பக்கம் சாயும். அந்தச் செய்தியை மட்டும் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தால், இழுபறியும் நீண்டுகொண்டே இருக்கும்.

ஆகவே இரண்டு நற்குணங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலாவது முரண்படாமை: ஒரு வேன் ஐந்தருவிக்கும் ஒரு வேன் பழைய குற்றாலத்துக்கும் போகவே கூடாது. இரண்டாவது முடங்காமை: எல்லோரும் சாலையோரம் நின்று பேசிக்கொண்டே பொழுதைக் கழிக்கக்கூடாது. 1988இல் சிந்தியா டுவொர்க், லிஞ்ச், லாரி ஸ்டாக்மேயர் ஒரு நடுவழி சொன்னார்கள். சிக்னல் மோசமாக இருக்கும்வரை முடங்கினால் முடங்கட்டும், முரண்பட மட்டும் கூடாது. சிக்னல் சரியானதும் முடிவுக்கு வந்துவிட வேண்டும். இன்றைய நெறிமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன. பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் காவலர்கள் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றுவதும் இதே நியாயத்தில்தான். குளியல் முடங்கலாம், உயிர் போகக்கூடாது.

முடக்குவதும் ஒரு தாக்குதல்தான் என்பது நம் வட்டாரத்துக்குப் பழைய சங்கதி. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது மானூர். சுமார் கி.பி. 800இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் அவ்வூர்க் கோயிலில் வெட்டிய கல்வெட்டு, உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராகலாம் என்று சொல்வதோடு, கொண்டுவரும் காரியத்துக்கெல்லாம் 'அன்று' என்று மறுத்துச் சபையை நடக்கவிடாமல் செய்கிறவர்களுக்கும் அவர்களோடு சேர்ந்தவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதித்தது. இன்றைய எத்தீரியம் பிளாக்செயினில் வாக்காளர்கள் பணயத் தொகை கட்டுகிறார்கள். இரட்டை வாக்குப் போட்டால் அதில் ஒரு பகுதி பறிபோகும்; வாக்களிக்காமல் முடக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஐந்து காசின் பேரப்பிள்ளைகள்.

இரண்டாவது சுற்று எதற்கு?

1999இல் எம்ஐடியைச் சேர்ந்த மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் நடைமுறைக்கு ஒத்துவரும் நெறிமுறை ஒன்றைத் தந்தார்கள். சுருக்கமாக பிபிஎஃப்டி. அதன் நடை இப்படி: தலைமைக் கணினி ஒன்று முன்மொழியும். எல்லோரும் எல்லோருக்கும் வாக்கைத் தெரிவிப்பார்கள். பிறகு எல்லோரும் எல்லோருக்கும் மறுபடி ஒருமுறை வாக்கைத் தெரிவிப்பார்கள். இரண்டாம் சுற்றும் தேறினால்தான் முடிவு.

ஒருமுறை வாக்களித்தாயிற்று, பெரும்பான்மையும் கிடைத்தாயிற்று; மறுபடி எதற்கு? வேன்களுக்கே போவோம். நால்வரில் ஒருவர் பதிலே சொல்லாமல் போகலாம் என்பதால், மூவர் பதில் வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிராம சபையில் 'கோரம்' என்போமே, அதுதான் இது. நால்வரில் எந்த மூவரை எடுத்தாலும், வேறு எந்த மூவரை எடுத்தாலும், இரண்டு குழுவிலும் பொதுவாகக் குறைந்தது இருவர் இருப்பார்கள்; அவர்களில் ஒருவராவது நல்லவர். ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் முடிவு வராமல் காப்பது அந்த ஒருவர்தான்.

ஆனால் தலைமை மாறும்போது அவர் ஒருவர் போதாது. செங்கோட்டைக்காரர் தலைமை. ஆலங்குளம், கடையநல்லூர் இருவருக்கும் 'ஐந்தருவி' என்று சொல்லித் தானும் அதற்கே வாக்களிக்கிறார். சங்கரன்கோவிலுக்கு மட்டும் 'பழைய குற்றாலம்'. மூன்று வாக்கு கிடைத்ததைப் பார்த்த ஆலங்குளத்துக்காரர் வேனைக் கிளப்பிவிடுகிறார்; மலையோரம் போனதும் சிக்னல் போய்விடுகிறது. செங்கோட்டைக்காரர் ஊமையாகிறார். கடையநல்லூர்க்காரர் பொறுப்பை எடுத்து, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எல்லோரையும் கேட்கிறார். தன் வாக்கு ஐந்தருவி. சங்கரன்கோவில் வாக்கு பழைய குற்றாலம். அதற்குள் செங்கோட்டைக்காரர் உயிர்பெற்று "நான் பழைய குற்றாலம்னுதானே சொன்னேன்" என்கிறார். மூன்று பதில் வந்தாயிற்று, பெரும்பான்மை பழைய குற்றாலம். பிரியாணி அண்டாவோடு ஐந்தருவிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆலங்குளத்துக்காரர் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

கோளாறு எங்கே? மூன்று வாக்கு சேர்ந்தது ஆலங்குளத்துக்கு மட்டுமே தெரியும். அது தெரியும் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் சுற்று அதைத்தான் சரிசெய்கிறது. "மூன்று வாக்கையும் நான் ஒப்பத்தோடு பார்த்துவிட்டேன்" என்று மூவர் சொன்ன பிறகுதான் வேனை எடுக்கலாம் என்றால், யார் காணாமல் போனாலும், பிறகு விசாரிக்கும் எந்த மூவரிலும் அந்தச் சான்றைக் கையில் வைத்திருக்கும் நல்லவர் ஒருவர் இருப்பார்.

குற்றாலப் பேரருவி இந்த வேலையைப் பாறையில் செய்து காட்டுகிறது. மேலிருந்து விழும் தண்ணீர் ஒரே தாவாகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே பொங்கி, பிறகுதான் பாறைமேல் சரிகிறது. தலையில் விழும்போது மூர்க்கம் தணிந்திருக்கிறது; அதனால்தான் கீழே நின்று குளிக்க முடிகிறது. இரண்டாம் சுற்று ஒரு பொங்குமாங்கடல். வேகத்தைத் தின்னும், ஆனால் அதற்குக் கீழே நிற்கிறவர் பத்திரம்.

விலை எங்கே கொடுப்பது?

பள்ளத்தைத் தூர்த்துவிட்டு அருவியை நேராக விழவைக்க முடியுமா? வேகமான நெறிமுறைகளின் வரலாறே இந்தக் கேள்விதான். முடியும்; விலையை வேறு எங்காவது கொடுக்க வேண்டும்.

முதல் விலை, செய்திகளின் எண்ணிக்கை. பிபிஎஃப்டியில் எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறார்கள். நான்கு பேருக்குச் சரி. நூறு கணினி என்றால் சுற்றுக்கு 9,900 செய்திகள். 2018இல் வந்த 'ஹாட்ஸ்டஃப்' இதை மாற்றியது. எல்லோரும் தலைமைக்கு மட்டும் வாக்கை அனுப்புவார்கள். தலைமை அவற்றை ஒரே மின்னொப்பக் கட்டாகத் திரட்டித் திருப்பி அனுப்பும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல, நூறு பேர் ஒருவரிடம் வந்து போனால் வேலை முடிந்தது. போகவர சுமார் 200 செய்திகள். தலைமை மாற்றமும் எளிதாயிற்று. ஆனால் நேரே போகிற பேச்சு இப்போது தலைமையைச் சுற்றிப் போகிறது. சுற்றுகளும் இரண்டிலிருந்து மூன்றாயின. செய்தி குறைந்தது, தாமதம் கூடியது. ஃபேஸ்புக் தன் 'லிப்ரா' நாணயத் திட்டத்துக்கு 2019இல் எடுத்துக்கொண்டது இந்த வழியைத்தான். 2023இல் டாலியா மால்கியும் கார்த்திக் நாயக்கும் 'ஹாட்ஸ்டஃப்-2'இல் மூன்றாம் சுற்று வேண்டியதில்லை என்று காட்டினார்கள்.

இரண்டாம் விலை, எத்தனை கெட்டவர்களைத் தாங்கலாம் என்பது. இன்னும் இரண்டு வேன்களைச் சேர்ப்போம்: தென்காசி, அம்பாசமுத்திரம். இப்போது ஆறு பேர், கெட்டவர் ஒருவர்தான், கோரம் ஐந்து. ஒரே சுற்றில் ஐந்து வாக்கு விழுந்து யாரோ ஒருவர் கிளம்பிவிட்டார். பிறகு புதுத் தலைமை எந்த ஐவரை விசாரித்தாலும், அவர்களில் நால்வராவது அந்த முடிவுக்கு வாக்களித்தவர்கள். ஒருவர் புளுகினாலும் மூவர் உண்மை சொல்வார்கள். ஐந்தில் மூன்று, பெரும்பான்மை. பழைய முடிவு தானே வெளியே வந்துவிடும். இரண்டாம் சுற்று தேவையில்லை. ஜான்-ஃபிலிப் மார்ட்டினும் லொரென்ஸோ அல்விசியும் 2005 வாக்கில் காட்டிய வழி இது. பொங்குமாங்கடலுக்குப் பதிலாக அடியில் நிற்கும் பாறையை அகலப்படுத்திக்கொள்வது.

2021இல் பியோத்ர் குஸ்னெட்சோவ் குழுவினர் இந்த எண்ணிக்கையை இன்னும் இறுக்கினார்கள். ஒரு கெட்டவர் என்றால் ஆறு வேண்டாம், நான்கே போதும் என்றார்கள். பிரியாணியைத் தனியாக நிறுத்திய கதை என்ன ஆயிற்று? எல்லா அழைப்பிலும் ஒப்பம் இருந்தால், செங்கோட்டைக்காரர் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் இட்ட இரண்டு ஒப்பங்களே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டவர் ஒருவர்தானே; பிடிபட்டவரை ஒதுக்கிவிட்டு, மற்ற மூவருமே நல்லவர்கள் என்று நம்பி ஆலங்குளத்துக்காரர் பதிலுக்கும் காத்திருக்கலாம்.

சலுகை சிறிய கூட்டத்துக்குத்தான் பெரிதாகத் தெரியும். நூறு கணினிகள் என்றால் பிபிஎஃப்டி 33 கெட்டவர்களைத் தாங்கும். ஒரே சுற்றில் முடிக்கும் நெறிமுறை, எவ்வளவு இறுக்கினாலும், 20 பேரைத்தான் தாங்கும். ஒரு சுற்றை மிச்சப்படுத்தியதன் விலை 13 பேர்.

மூன்றாம் விலை கண்ணுக்குத் தெரியாதது: சிக்கல். 2007இல் 'ஸிஸிவா' என்ற நெறிமுறை வந்தது. ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும் ஒரு வண்டினத்தின் பெயர். எல்லாக் கணினிகளும் ஒத்துப்போனால் மின்னல் வேகம், ஒன்று முரண்டு பிடித்தால் மெதுவான பாதை என்பது உத்தி. அந்த ஆண்டு துறையின் முதன்மையான மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான விருது பெற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017இல், அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. வேகப் பாதையிலும் மெதுவான பாதையிலும் பாதி பாதி வாக்கு விழுந்த நிலையில் தலைமை மாறினால், இரண்டு முரண்பட்ட முடிவு வரலாம். ஓட்டையை வெளியிட்ட ஆய்வாளர்களில் ஸிஸிவாவின் மூல ஆசிரியர்களும் இருந்தார்கள். அறிவியலுக்கு அழகு அது. ஆனால் பாடத்தைக் கவனியுங்கள்: பிழை வேகமான பகுதியில் இல்லை; வேகம் தவறும்போது பாதை மாறும் திருப்பத்தில் இருந்தது. இதனால்தான் இன்று காகிதத்தில் நிறுவுவதோடு விடுவதில்லை. நெறிமுறையைத் தர்க்கமொழியில் எழுதிக் கணினியையே அத்தனை சந்துகளிலும் புகுந்து பார்க்க வைக்கிறார்கள். வேண்டுமென்றே கம்பியை அறுத்து, கடிகாரத்தைக் குழப்பிச் சோதிக்கிறார்கள்.

நெருங்கி நிற்பவர்களின் வேகம்

நான்காம் விலையை வைத்தது இயற்கை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கி.மீ. ஓடும். பூமியின் மறுபக்கம் 20,000 கி.மீ.; ஒரு செய்தி போய்ச்சேரவே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். அதற்குக் கீழே எந்தக் கெட்டிக்காரரும் இறங்க முடியாது.

2025 மே மாதம் சொலானா பிளாக்செயினுக்காக அன்சா நிறுவனம் முன்வைத்த 'ஆல்பென்குளோ' இந்த எல்லையை ஒட்டி ஓடப் பார்க்கிறது. அங்கே வாக்குகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணாமல் பணயத் தொகையால் எடைபோடுகிறார்கள். 80 சதவீதம் சேர்ந்தால் ஒரே சுற்றில் முடிவு. 60 சதவீதம் என்றால் இரண்டு சுற்றில் முடிவு. இரண்டு பாதையும் ஒருங்கே ஓடும். எது முந்துகிறதோ அது. ஏன் இரண்டும்? 80 சதவீதத்துக்குக் காத்திருப்பது என்றால் தூரத்தில் இருப்பவர்களுக்கும் காத்திருப்பது. 60 சதவீதம் பக்கத்திலேயே கிடைத்துவிடலாம். தூரத்து ஆளோடு ஒருமுறை பேசுவதா, பக்கத்து ஆட்களோடு இருமுறை பேசுவதா என்ற பந்தயம் அது. 12.8 நொடி ஆன இறுதி உறுதிப்பாடு, அதாவது எழுதிய பக்கம் இனி மாறாது என்ற நிலை, சுமார் 0.15 நொடிக்கு வந்துவிடும் என்பது முன்வைத்தவர்களின் கணிப்பு. பதிலுக்குத் தாங்கக்கூடிய கெட்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதோடு இன்னொரு 20 சதவீதம் வெறுமனே படுத்துவிட்டாலும் ஓடும் என்கிறார்கள். துரோகியும் தூங்குமூஞ்சியும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தென்காசியில் ஒருவர் கணினி வைத்து இந்த வாக்கெடுப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான எடை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெருங்கி நின்றால், அவர் வாக்கு போய்ச்சேரும் முன்பே முடிவு வந்திருக்கும். வேகமான நெறிமுறை யாரையும் விரட்டுவதில்லை. யாருக்காகவும் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான். முதலாளி இல்லாத பேரேடு என்று தொடங்கிய கதையில் இது சின்ன விலையில்லை.

எத்தீரியம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. லட்சக்கணக்கான வாக்காளர்களுக்குக் காத்திருப்பதால் இறுதி உறுதிப்பாட்டுக்குச் சுமார் 13 நிமிடம். 2023 மே மாதம் வாக்குகள் போதாமல் இறுதி உறுதிப்பாடு இருமுறை தடைபட்டபோதும் புதுப் பக்கங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. சொலானா இடறினால் மொத்தமாக நிற்கும். 2021 செப்டம்பரில் சுமார் 17 மணி நேரம், 2024 பிப்ரவரியில் சுமார் 5 மணி நேரம் நின்றது. எது மேல்? பங்குச் சந்தைக்கு ஒரு பதில், கல்யாண மொய்க்கு வேறு பதில்.

நம் அரசுகளும் இந்தப் பாதையில் இறங்கியிருக்கின்றன. தமிழ்நாடு 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் மாநிலத்துக்கான கட்டமைப்பும் அமைந்தது. ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் 'விஷ்வஸ்யா' தொகுப்பைத் தொடங்கியபோது புவனேஸ்வர், புணே, ஹைதராபாத் என்று மூன்று தரவு மையங்களைச் சொன்னது. மூன்று என்ற எண்ணைக் கேட்டதும் வேன்கள் நினைவுக்கு வரவேண்டும். மையம் ஒன்று மின்சாரம் போய்ப் படுத்துவிட்டால் மூன்று போதும்; மிச்சம் இரண்டு பெரும்பான்மை. மையம் ஒன்று ஆளுக்கொரு பேச்சு பேசத் தொடங்கினால் நான்காவது ஊர் வேண்டும். சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அரை நொடி வேகம் தேவையில்லை. அங்கே கேட்க வேண்டியது, வாக்களிக்கும் கணினிகள் உண்மையிலேயே தனித்தனி ஆட்கள் கையில் இருக்கின்றனவா என்பதுதான். நூறு கணினிகளுக்கும் சாவி ஒரே மேசை டிராயரில் இருந்தால், மூன்றில் ஒரு பங்குக் கணக்கு வெறும் அலங்காரம்.

'நொடிக்கு இத்தனை லட்சம் பரிவர்த்தனை' என்று விளம்பரம் வரும்போது அது நல்ல நாள் கணக்கு. தலைவர் காணாமல் போகிற நாளில் என்ன ஆகும், எத்தனை பேர் புளுகினால் உடையும், யாருடைய வாக்குக்குக் காத்திருப்பதில்லை என்று மூன்று கேள்வி கேட்டால், பள்ளத்தை எங்கே தூர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நம் நால்வரும் இரண்டு சுற்றுப் பேசி, ஆலங்குளத்துக்குச் சிக்னல் வரும்வரை பொறுத்து, கிளம்பிப் போய்ச் சேரும்போது பிற்பகலாகிவிட்டது. பிரியாணி ஆறிப்போயிற்று. ஆனால் நான்கு வேனும் ஐந்தருவியில்தான் நிற்கின்றன.